உடலின் இரும்புக் கணக்கு: ஒரு பரிசோதனை போதுமா?

கற்பிட்டிப் பக்கம் செய்தி சேகரிக்கப் போகும்போது பெண்கள் பலர் என்னிடம் சொல்வது இது: "ரத்தம் குறைவாம், குளிசை தந்தாங்க." 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கு குடியேறிய குடும்பங்களிலும் இதைக் கேட்டிருக்கிறேன். அந்தக் 'குறைவு' எப்படி அளக்கப்படுகிறது?

வளர்ந்தவரின் உடலில் 3 முதல் 4 கிராம் இரும்பு உண்டு. அதில் பெரும்பகுதி செங்குருதிக் கலங்களில் உள்ள ஈமோகுளோபினில் இருக்கிறது. சுமார் 120 நாட்களில் முதுமையடையும் இந்தக் கலங்களை மண்ணீரலும் ஈரலும் சிதைத்து, இரும்பைப் பிரித்தெடுத்து, புதிய கலங்கள் உருவாக என்பு மச்சைக்கு அனுப்புகின்றன. இப்படி நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் மீளப் பயன்படுகிறது. உணவிலிருந்து உறிஞ்சப்படுவதோ 1 முதல் 2 மில்லிகிராம்தான். கதிரியக்க இரும்பை மிகச் சிறிதளவு உடலில் செலுத்தி, அதன் பாதையைப் பின்தொடர்ந்தே ஆய்வாளர்கள் இந்தச் சுழற்சியை அளந்தார்கள்.

மிகுதி இரும்பு பெரிற்றின் என்ற புரதத்தில் சேமிக்கப்படுகிறது. ஈமோகுளோபின் கையிலிருக்கும் காசு என்றால், பெரிற்றின் வங்கிச் சேமிப்பு. காசு குறையும் முன்பே சேமிப்பு கரைந்துவிடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டலின்படி, நலமாக உள்ள வளர்ந்தவரின் பெரிற்றின் லீற்றருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் அது இரும்புக் குறைபாடு. தொற்றோ அழற்சியோ இருந்தால் பெரிற்றின் உயர்ந்து குறைபாட்டை மறைக்கும். அப்போது எல்லை 70.

புத்தளம் மாவட்டத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வடமேல் மாகாணத்தில் தலசீமியா கூடுதலாகக் காணப்படுகிறது. குருநாகலில் அதற்கெனச் சிகிச்சை நிலையம் இயங்குகிறது. தலசீமியாக் காவிகளின் செங்குருதிக் கலங்களும் இரும்புக் குறைபாட்டில் போலவே சிறிதாக இருக்கும். ஆனால் அவர்களின் சேமிப்பு நிறைவாகவே இருக்கலாம். காவிகள் இருவர் மணந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்குக் கடும் தலசீமியா வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அந்தப் பிள்ளைக்கு ஏற்றும் ஒவ்வொரு பை குருதியிலும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு சேருகிறது. மிகுதியை வெளியேற்ற உடலுக்கு வழியில்லாததால், அது இதயத்திலும் ஈரலிலும் படியும். அதை அகற்ற மருந்து தேவை.

ஆகவே, கர்ப்பிணிகள் கிளினிக்கில் தரும் குளிசையைத் தாமாக நிறுத்த வேண்டாம். மாதக்கணக்கில் குளிசை எடுத்தும் ஈமோகுளோபின் உயராவிட்டால், பெரிற்றின் பரிசோதனையும் தலசீமியாப் பரிசோதனையும் தேவையா என்று வைத்தியரிடம் கேளுங்கள். இடம்பெயர்வில் பழைய அட்டைகளைத் தொலைத்தவர்கள், புதிய முடிவுகளையாவது கவனமாக வைத்திருங்கள். பிள்ளைகளின் திருமணப் பேச்சின்போது அவை உதவும்.