தூரம் கேட்காத லென்ஸ்

பிலிம் காமிராவில் படம் எடுப்பதென்றால், எதிரே நிற்பவர் எத்தனை அடி தூரத்தில் இருக்கிறார் என்று கணித்து லென்ஸைத் திருப்பி வைக்க வேண்டும். கணிப்புத் தவறினால் படம் மங்கிவிடும். அதுவும் பிலிமைக் கழுவிய பிறகுதான் தெரியும். திருமணத்தை மறுபடி நடத்தச் சொல்ல முடியுமா?

லென்ஸை ஒரே நிலையில் பொருத்திவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. 1888-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் விற்ற முதல் கோடக் காமிரா அப்படிப்பட்டதுதான். ஆனால் 1925-இல் வந்த லைக்கா என்னும் சிறிய காமிராவில் 50 மி.மீ. லென்ஸ் இருந்தது, அதற்குத் தூரம் வைத்தே ஆகவேண்டும்.

ஏன் என்று பார்ப்போம். 50 மி.மீ. லென்ஸின் துளையை, குவியத் தூரத்தில் பதினொன்றில் ஒரு பங்காகச் சுருக்குங்கள். தூரத்தை 7½ மீட்டரில் நிறுத்துங்கள். சுமார் 3¾ மீட்டரிலிருந்து தொடுவானம் வரை தெளிவாக விழும். துளையை அதே விகிதத்தில் வைத்து, 28 மி.மீ. அகன்ற கோண லென்ஸை 2.4 மீட்டரில் நிறுத்தினாலோ, 1.2 மீட்டரிலேயே தெளிவு தொடங்கிவிடும்! குவியத் தூரம் பாதியானால் இந்த எல்லை ஏறத்தாழ கால் பங்காகிவிடும்.

1961-இல் ஜப்பானின் ஒலிம்பஸ் நிறுவனம் வெளியிட்ட 'பென் இஇ' காமிரா இந்த விதியைப் பயன்படுத்திக்கொண்டது. பென் காமிராக்களை உருவாக்கியவர் யோஷிஹிசா மைதானி. படத்தின் அளவு பாதியானதால் 36 படச் சுருளில் 72 படங்கள் எடுக்கலாம். சிறிய படத்துக்கு 28 மி.மீ. லென்ஸே போதும்; கோணம் அவ்வளவு அகலமில்லை என்றாலும் குறுகிய குவியத் தூரத்தின் நன்மை கிடைத்தது. லென்ஸ் அசையாது. வெளிச்சத்தைச் செலினியம் மின்கலம் அளந்துகொள்ளும். பார்த்து அழுத்துவது ஒன்றே நம் வேலை.

ஆனால் துளை சிறுத்தால் ஒளியும் குறையுமல்லவா? வெளிச்சம் போதாவிட்டால் பென் இஇ-யின் கண்ணாடியில் சிவப்புக் கொடி தோன்றும், ஷட்டர் இயங்காது. 1986-இல் ஃபூஜி நிறுவனம், ஒரே சுருளுடன் முடியும் மலிவான காமிராவை விற்றபோதும் அசையாத லென்ஸையே நம்பியது. பகல் வெளிச்சமே அதற்கும் துணை.

உங்கள் வீட்டில் பழைய பிலிம் காமிரா இருக்கிறதா? லென்ஸைச் சுற்றித் தூர எண்களோ குறிகளோ இல்லாவிட்டால், அது பெரும்பாலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. வெயிலில் நில்லுங்கள், முகத்துக்கு மிக அருகே போகாதீர்கள். மீதியை லென்ஸ் பார்த்துக்கொள்ளும்.