அணைத்துப் போட்டால் சரியாகிவிடுமா?

யாழ்ப்பாணத்தில் தனியே வசிக்கும் என் அக்காவுக்கு 82 வயது. இரவில் அவர் கட்டிலை விட்டு இறங்கினால் நடைபாதை விளக்கு தானாக எரிய வேண்டும். காலை எட்டு மணிவரை சமையலறைக் கதவு திறக்கப்படாவிட்டால் கனடாவிலுள்ள அவருடைய மகனுக்குத் தகவல் போக வேண்டும். இவ்விரண்டுக்காகவும் மகன் விடுமுறையில் வந்தபோது, 'ஸ்மார்ட் ஹோம் ஹப்' எனப்படும் மையக் கருவியொன்றைப் பொருத்திவிட்டுச் சென்றார். சீட்டுக்கட்டொன்றின் அளவேயான சிறு கணினி அது.

சில மாதங்களில் அது அடிக்கடி செயலிழக்கத் தொடங்கியது. சில வேளை தானே மீண்டும் தொடங்கும்; சில வேளை அப்படியே கிடக்கும். ஓரிரவு விளக்கு எரியவில்லை. அக்கா சுவரைப் பிடித்தபடி இருட்டில் நெடுநேரம் நின்றிருக்கிறார். நல்லவேளையாக விழவில்லை.

கேட்டவர்கள் எல்லோரும் தந்த ஆலோசனை ஒன்றே: "ஒருக்கா அணைத்துப் போடுங்கோ, சரியாகிவிடும்." உண்மையில் சரியாகியும் விட்டது, அடுத்த முறை வரை. நான் பத்திரிகைத் தொழிலில் நுழைந்த காலத்தில் ஈய எழுத்துகளைக் கையால் கோத்தே பக்கங்கள் அமைக்கப்பட்டன. தேய்ந்த எழுத்தொன்று அச்சில் தெரிந்தால் ஒப்புநோக்காளர் குறியிடுவார், அதை மாற்றிவிடுவார்கள். ஆனால் கழற்றிய எழுத்தை யாரேனும் எழுத்துப் பெட்டியிலேயே திரும்பப் போட்டுவிட்டால், மறுநாள் அது வேறொரு சொல்லில் வந்து நிற்கும். அன்றைய பிழை திருத்தப்பட்டிருக்கும். பிழைக்கான காரணமோ பெட்டிக்குள்ளேயே இருக்கும். அணைத்துப் போடுவதும் இத்தகையதே.

வீட்டைக் கணினியிடம் ஒப்படைக்கும் எண்ணம் புதியதன்று. அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில், வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனப் பொறியியலாளரான ஜிம் சதர்லாந்து, எஞ்சிக் கிடந்த பாகங்களைக் கொண்டு 1966 இல் 'எக்கோ 4' என்ற கணினியைத் தமது வீட்டுக்காக அமைத்தார். ஏறத்தாழ 360 கிலோகிராம் எடைகொண்ட அது, வீட்டின் வெப்பநிலையையும் கடிகாரங்களையும் கவனித்தது. வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலையும் வைத்திருந்தது. அது பழுதடைந்தால் ஒவ்வொரு கம்பியையும் அறிந்தவர் அதே வீட்டில் இருந்தார் என்பதை நாம் இங்கு கவனிக்க வேண்டும்.

1975 இல் ஸ்கொட்லாந்தின் கிளென்றோதஸ் நகரிலிருந்த பைக்கோ நிறுவனம் 'எக்ஸ்10' என்ற முறையை உருவாக்கியது. வீட்டில் ஏற்கெனவே ஓடும் மின்கம்பிகள் வழியாகவே விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் முறை அது. கட்டளை போய்ச் சேர்ந்ததா என்பதை அனுப்பிய கருவி அறியாது. விளக்கு பதில் சொல்வதில்லை. ஆயினும் ஒரு விளக்கு கெட்டால் அந்த ஒன்றே கெட்டது. பின்னர் சிக்பீ, இசட்-வேவ் போன்ற வானொலி அலை முறைகள் வந்தன. விளக்கும் கதவும் உணரியும் ஒரே மையக் கருவியைச் சுற்றி அமைந்தன. வசதி பெருகியது. ஆனால் மையம் நின்றால் யாவும் நிற்கும் என்ற நிலையும் அதனோடு வந்தது. அதை அமைத்தவரோ பெரும்பாலும் அவ்வீட்டில் இருப்பதில்லை.

அமைத்தவர்கள் தொலைவில் இருக்க, கணினி தானாக மீண்டும் மீண்டும் தொடங்கிக்கொண்டிருந்த சம்பவமொன்று வரலாற்றில் உண்டு. நாசாவின் 'மார்ஸ் பாத்ஃபைண்டர்' விண்கலம் 1997 ஜூலை 4 ஆம் திகதி செவ்வாயில் இறங்கியது. அப்போது பூமிக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ 19 கோடி கிலோமீற்றர். காலநிலைத் தரவுகளைச் சேகரிக்கத் தொடங்கிய சில நாள்களில் அதன் கணினி திடீர் திடீரெனத் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்தது. ஒவ்வொரு முறையும் அன்றைய மீதி வேலை மறுநாளுக்குத் தள்ளிப்போயிற்று.

காரணத்தை விளக்க ஒரு பத்திரிகைக் காரியாலயத்தை எடுத்துக்கொள்வோம். புகைப்பட அறைக்குத் திறப்பு ஒன்றுதான். இளநிலை ஊழியர் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார். பிரதம ஆசிரியருக்கு அவசரமாக அந்த அறை தேவைப்படுகிறது, திறப்புக்காகக் காத்திருக்கிறார். இதற்கிடையில் நடுத்தரப் பதவியினர் வந்து, "எமது வேலையை முதலில் பார்" என்று அந்த இளைஞரை மறித்து வைத்துக்கொள்கின்றனர். அவர் அறையை விட்டு வெளியேற முடியவில்லை; ஆசிரியரின் வேலையும் நகரவில்லை. பாத்ஃபைண்டரில் இளநிலை ஊழியராக இருந்தது காலநிலைத் தரவுப் பணி. ஆசிரியராக இருந்தது தகவல் பாதையை நிருவகிக்கும் பணி. மிக முக்கியமான பணி குறித்த நேரத்தில் முடியாததைக் கண்ட கண்காணிப்பு ஏற்பாடு, ஏதோ பாரதூரமாகக் கெட்டுவிட்டதெனக் கருதி முழுக் கணினியையும் மறுதொடக்கம் செய்தது.

பொறியியலாளர்கள் என்ன செய்தார்கள் என்பதே நமக்கு முக்கியமானது. கலத்தின் மென்பொருளில், ஒவ்வொரு பணியும் எப்போது தொடங்கியது, எதற்காகக் காத்திருந்தது என்பதைப் பதிவுசெய்யும் வசதி இருந்தது. பூமியிலிருந்த மாதிரிக் கலத்தில் அப்பதிவை இயக்கி, அதே சூழலை உருவாக்கினர். 18 மணித்தியாலங்களுக்குள் அதே கோளாறு ஆய்வுகூடத்தில் தோன்றியது. பதிவேடு காரணத்தைக் காட்டிக்கொடுத்தது. திறப்பை வைத்திருப்பவருக்கு, அதற்காகக் காத்திருப்பவரின் பதவியைத் தற்காலிகமாக வழங்கிவிட்டால் இடையில் எவரும் மறிக்க முடியாது. மென்பொருளில் அணைத்து வைக்கப்பட்டிருந்த அந்த ஏற்பாட்டை இயக்கும் மாற்றம் செவ்வாய்க்கு அனுப்பப்பட்டது. மறுதொடக்கங்கள் ஓய்ந்தன.

இத்தீர்வின் கோட்பாட்டை 1990 இல் ஆய்வுக் கட்டுரையாக விரிவாக வெளியிட்டவர்கள் லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜோன் லெஹோக்ஸ்கி ஆகிய மூவர். ராஜ்குமார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றவர். அவர்களின் ஆய்வு வளர்ந்த கார்னகி மெலன் பல்கலைக்கழகம் இருப்பதும் சதர்லாந்து வாழ்ந்த அதே பிற்ஸ்பேர்க்கில்தான்.

கலம் புறப்படுமுன் நடந்த சோதனைகளிலும் இக்கோளாறு தலைகாட்டியிருந்தது. திரும்ப வரவழைக்க முடியாமையால் அது விளங்காமலே விடப்பட்டது. அரிதாக வரும் பிழையைத் தற்செயல் என்று ஒதுக்கும் மனநிலை நிபுணர்களுக்கும் உண்டு.

நான் பொறியியலாளன் அல்லன். ஆயினும் நாள், நேரம், நடந்தது என்று குறித்துவைப்பது என் தொழிற்பழக்கம். அக்காவின் வீட்டில் பதினொரு நாள் தங்கி, கருவி நின்ற ஒவ்வொரு வேளையையும் கொப்பியில் எழுதினேன். ஆறு தடவை நின்றது; ஆறும் மாலை ஆறரைக்குப் பின்னரே. மின்சாரத் தடங்கல் என்றே முதலில் ஐயுற்றேன். ஆனால் அவ்வேளைகளில் மின்விசிறி சிறிதும் தளரவில்லை. கருவியின் சொந்தப் பதிவேடோ தற்காலிக நினைவகத்தில் இருந்தபடியால், ஒவ்வொரு முறை அணைத்துப் போட்டபோதும் அழிந்துகொண்டிருந்தது. நோயாளி சொல்ல வந்ததை நாமே வாயைப் பொத்தித் தடுத்திருக்கிறோம்.

என் குறிப்புகளைக் கேட்ட மகன் கனடாவிலிருந்தே பதிவேடு அழியாதபடி மாற்றியமைத்தார். அடுத்த மாலையே விடை கிடைத்தது. மின்னழுத்தம் குறைகிறது என்ற எச்சரிக்கை, அதன் பின் மௌனம். வாசற் கமரா இருட்டியதும் பதிவைத் தொடங்கும். அதற்கென இணைத்த வெளித் தட்டு சுழலும்போது கூடுதல் மின்னோட்டம் தேவைப்படும். கருவிக்கு மின் கொடுத்ததோ பழைய கைத்தொலைபேசி மின்னேற்றி. அதை மாற்றி 5.1 வோல்ற், 3 அம்பியர் தரும் வழங்கியைப் பொருத்தினோம். அதன் பின் கருவி நிற்கவில்லை.

மறுதொடக்கத்தை நான் இகழவில்லை. அது இல்லாதிருந்தால் பாத்ஃபைண்டர் செவ்வாயில் உறைந்தே போயிருக்கும். அது உயிரைக் காக்கும் முதலுதவி. நோய் இன்னதென்று சொல்வது பதிவேடு மட்டுமே. ஆகவே கருவி நின்றால், அணைத்துப் போடுமுன் நேரத்தைக் குறியுங்கள். அப்போது வீட்டில் வேறென்ன இயங்கியது என்பதையும் எழுதுங்கள். பதிவேடு அழியாத இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

இன்னொன்றும் செய்தோம். நடைபாதையில், மையக் கருவியோடு எவ்வித தொடர்புமின்றித் தானே அசைவை உணர்ந்து எரியும் சிறு விளக்கொன்றை மாட்டினோம். அக்கா இரண்டையும் பார்த்துவிட்டு, "எது நின்றாலும் மற்றது எரியும்தானே?" என்று கேட்டார். பொறியியலாளர் எவரும் கேட்டிருக்க வேண்டிய முதற் கேள்வி அது.