தீர்ப்புக்கு முந்திய தண்டனை: தென்னாபிரிக்க இராசத்துரோக வழக்கு, 1956–1961

ஓர் அரசு தன்னைக் கண்டிப்போரை அடக்க விரும்பின், எக்காலத்தும் படைக்கலத்தையே நாடுவதில்லை. அழைப்பாணையும் பிணைமுறியும் ஓயாத தவணைகளுமே பல வேளைகளிற் போதுமானவையாகின்றன. வழக்கின் முடிவில் எதிரி குற்றமற்றவன் எனக் காணப்படினும், அம்முடிவு வருவதற்குள் அவன் தொழில் கெட்டு, கைப்பொருள் கரைந்து, குடும்பமும் குலைந்திருக்கும். மனித உரிமைக்காகக் குரல் கொடுப்போரைக் காத்தற்பொருட்டு ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1998 டிசெம்பர் 9ஆம் நாள் தனிப் பிரகடனமொன்றை நிறைவேற்றியது. அதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே, இவ்வடக்குமுறையின் இயல்பை உலகிற்குக் காட்டிய வழக்கொன்று தென்னாபிரிக்காவில் நடைபெற்றது.

1948இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தபின், அந்நாட்டில் நிறவேற்றுமை அரசின் கொள்கையாகவே வகுக்கப்பட்டது. மனித உரிமைகளின் உலகப் பிரகடனம் ஐக்கிய நாடுகள் சபையில் நிறைவேறியதும் அதே ஆண்டிலேயாம். தென்னாபிரிக்கா அதற்கு வாக்களியாது விலகி நின்றது. 1952இல் அநீதியான சட்டங்களை அமைதியாக மீறும் இயக்கம் எழுந்து, எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோர் சிறை சென்றனர். அடுத்த ஆண்டிற் போர்ட் ஹெயர் பல்கலைக்கழகக் கல்லூரிப் பேராசிரியர் இசட். கே. மத்தியூஸ், எல்லா இனத்தவரும் கூடித் தமக்கு வேண்டிய அரசியலை வகுத்தல் வேண்டும் என்னுங் கருத்தை வெளியிட்டார். அக்கருத்தின் பயனாக 1955 ஜூன் 25, 26ஆம் நாட்களில் ஜோகனஸ்பேர்க் நகரின் அயலிலுள்ள கிளிப்டவுன் வெளியில் மக்கள் பேரவை கூடி, விடுதலைச் சாசனத்தை ஏற்றுக்கொண்டது. இரண்டாம் நாட் பிற்பகலிற் பொலிசார் கூட்டத்தைச் சூழ்ந்து, வந்தோரின் பெயர்களைக் குறித்துக்கொண்டு, கையில் அகப்பட்ட தாள்கள் அனைத்தையும் எடுத்துச் சென்றனர். உணவுச்சாலையிற் தொங்கவிடப்பட்டிருந்த இரண்டு அறிவிப்புப் பலகைகளும் அவற்றோடு போயின. ஒன்றில் இறைச்சி சேர்ந்த சூப் என்றும், மற்றொன்றில் இறைச்சி சேராத சூப் என்றும் எழுதப்பட்டிருந்தது.

1956 டிசெம்பர் 5ஆம் நாள் விடியற்காலையிற் கைது தொடங்கியது. சில நாட்களுள் 156 பேர் இராசத்துரோகக் குற்றத்தின்பேரிற் பிடிக்கப்பட்டனர். இவர்களுள் ஆபிரிக்கர் 105 பேர். வெள்ளையர் 23 பேர். இந்தியர் 21 பேர். கலப்பினத்தவர் 7 பேர். ஆபிரிக்க தேசியக் காங்கிரசின் தலைவரும் முன்னாள் ஆசிரியருமான அல்பேட் லுதுலி, பேராசிரியர் மத்தியூஸ், வழக்கறிஞர்களான ஒலிவர் தம்போ, நெல்சன் மண்டேலா ஆகியோர் இக்குழுவில் இருந்தனர். காந்தியடிகள் 1894இல் நிறுவிய நேற்றால் இந்தியக் காங்கிரசின் தலைவராய் விளங்கிய மருத்துவர் மொன்ரி நாயக்கரும் அவர்களோடு நிறுத்தப்பட்டார். பிணை வழங்கப்பட்டபோது வெள்ளையருக்கு 250 பவுணும், இந்தியருக்கு 100 பவுணும், ஆபிரிக்கருக்கு அதனினுங் குறைந்த தொகையும் விதிக்கப்பட்டன. இராசத்துரோகத்திற்கும் நிறமுண்டு போலும்!

டிசெம்பர் 19ஆம் நாள் பூர்வாங்க விசாரணை ஆரம்பமாயிற்று. இத்துணைப் பெருந்தொகையினரைக் கொள்ளத்தக்க நீதிமன்றம் இன்மையால், ஜோகனஸ்பேர்க்கிற் படைப்பயிற்சி மண்டபமொன்று நீதிமன்றமாக்கப்பட்டது. அடுத்த நாட் குற்றஞ்சாட்டப்பட்டோர் உள்ளே வந்தபோது, தமக்கெனப் பெரியதொரு கம்பிக் கூடு அமைக்கப்பட்டிருக்கக் கண்டனர். தம் கட்சிக்காரரை விலங்குகளைப்போல் அடைத்து வைப்பின் தாம் வெளியேறுவதாக அவர்தம் நியாயவாதிகள் கூறியபின்னரே கூடு அகற்றப்பட்டது.

இராசத்துரோகம் அந்நாட்டில் உறோமன்–டச்சுச் சட்டத்தின்பாற்பட்ட குற்றமாகும். இலங்கையில் இன்றும் உரிமை வழக்குகள் பலவற்றுக்கு அடிப்படையாயுள்ள சட்டமும் அதுவே. அச்சட்டத்தின்படி, அரசின்மீது பகைநோக்கு இருந்ததென்பதை வழக்குத் தொடுப்போர் ஐயத்துக்கிடமின்றி நாட்டல் வேண்டும். ஆகவே விடுதலைச் சாசனம் வன்முறையாலன்றி நிறைவேற இயலாது என்று காட்ட முடிக்குரிய வழக்குரைஞர் முயன்றனர். ஏறக்குறைய பன்னீராயிரம் பத்திரங்கள் சான்றுகளாக முன்வைக்கப்பட்டன. அவற்றுள் உருசியச் சமையல் நூல் ஒன்றும் இருந்தது. சூப் பலகைகள் இரண்டும் தவறவில்லை. மனித உரிமைகளின் உலகப் பிரகடனமும் அக்குவியலில் ஒரு சான்றுப் பொருளாய்க் கிடந்தது என்பதே சிந்திக்கத்தக்கது. உலக நாடுகள் ஒப்புக்கொண்ட பத்திரத்தை வீட்டில் வைத்திருத்தல் துரோகத்துக்கு அறிகுறியாயிற்று.

பொதுவுடைமைக் கொள்கையிற் புலமை உடையவரெனக் கேப்டவுன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அண்ட்ரூ மறே அழைக்கப்பட்டார். காங்கிரசின் பத்திரங்களிற் பொதுவுடைமைச் சாயல் உண்டென அவர் சான்று பகர்ந்தார். எதிரிகளின் சார்பில் எழுந்த வேர்னன் பெராஞ்சே, யார் எழுதியவை என்பதைக் கூறாமற் சில பகுதிகளைப் படித்து, அவை பொதுவுடைமைச் சார்பினவோ என்று வினாவினார். பேராசிரியர் ஆமென்று கூறிய பகுதிகளுள் ஒன்று, அவரே முன்னொரு காலத்தில் எழுதியது! மண்டபத்தில் நகைப்பு எழுந்ததாயினும் வழக்கு ஓயவில்லை.

ஓயாமையே அதன் வலிமை. பூர்வாங்க விசாரணை ஓராண்டுக்கு மேல் நீண்டது. லுதுலி, தம்போ முதலியோர்மீதிருந்த குற்றச்சாட்டுகள் நடுவில் மீளப்பெறப்பட்டன. ஏன் பிடித்தனர், ஏன் விட்டனர் என்பதற்கு விளக்கமில்லை. 1958 ஆகஸ்டில் வழக்கு, ஏறக்குறைய 36 மைல் தொலைவிலுள்ள பிரிட்டோரியாவிற் பழைய யூதர் தொழுகை மண்டபத்துக்கு மாற்றப்பட்டது. எதிரிகளுட் பெரும்பாலோர் ஜோகனஸ்பேர்க்வாசிகள். அவர்கள் நாடோறும் விடியுமுன் எழுந்து, மரப்பலகை ஆசனங்கள் கொண்ட பேருந்தில் ஏறி, மாலையில் மீளல் வேண்டும். இந்நிலையில் ஊதியம் தேடுவது எங்ஙனம்? மண்டேலாவும் தம்போவும் கூட்டாக நடத்திவந்த சட்ட அலுவலகம் சிதைந்து போயிற்று. அதே ஆண்டு ஒக்டோபரிற் குற்றப்பத்திரத்தை அரசே மீளப்பெற்றது. விடுதலை கிட்டிற்றென எண்ணியோருக்கு அடுத்த மாதமே புதிய குற்றப்பத்திரம் வந்தது. இம்முறை முப்பதுபேர் முதலில் விசாரணைக்கு எடுக்கப்பட்டனர்.

வழக்கின் செலவுக்கெனப் பேராயர் அம்புரோஸ் ரீவ்ஸ், எழுத்தாளர் அலன் பேற்றன் முதலியோர் நிதி திரட்டினர். லண்டனிற் பாதிரியார் ஜோன் கொலின்ஸ் பெரும்பொருள் சேர்த்து அனுப்பினார். இந்நிதியும் இஸ்ரவேல் மெய்சல்ஸ், பிறாம் பிஷர், சிட்னி கென்ட்றிஜ் போன்ற தலைசிறந்த நியாயவாதிகளும் இல்லாதிருப்பின், முடிவு யாதாயிருக்கும் என்பது எண்ணிப் பார்த்தற்குரியது.

அரசினர் எதிர்பாராத விளைவொன்றும் ஈண்டுக் கூறத்தக்கது. கூட்டம் கூடாதவாறும் ஊர்விட்டு நீங்காதவாறும் தடையுத்தரவு பெற்றிருந்த தலைவர்களை, அரசே தன் செலவில் ஓரிடத்தில் ஒன்றுகூட்டியது. கைதான முதல் வாரங்களிற் சிறைக்கூடமே கல்விக்கூடமாயிற்று. மத்தியூஸ் ஆபிரிக்க மக்களின் வரலாற்றையும், டெபி சிங் இந்தியர் காங்கிரசின் வரலாற்றையும், குருவானவர் ஜேம்ஸ் கலாட்டா ஆபிரிக்க இசையையும்பற்றி விரிவுரை நிகழ்த்தினர். வெள்ளையர் மட்டும் வேறாக அடைக்கப்பட்டிருந்தமையால் இவற்றைக் கேட்கும் பேறு பெற்றிலர்.

1960 மார்ச்சு 21ஆம் நாட் ஷார்ப்வில் என்னுமிடத்திற் பொலிசாரின் துப்பாக்கிக்கு 69 பேர் இரையாகினர். அவசரகாலநிலை பிரகடனமாயிற்று, பிணையில் இருந்தோர் மீண்டும் சிறைப்பட்டனர். ஏப்பிரலிற் காங்கிரஸ் தடைசெய்யப்பட்டது. இத்தகைய சூழலில் நீதியான விசாரணை இயலாது எனக் கூறி நியாயவாதிகள் விலகினர். எதிரிகள் சில மாதம் தாமே தம் வழக்கை நடத்தினர். சட்டங் கற்ற மண்டேலாவும் டூமா நொக்வேயும் ஏனையோருக்குத் துணையாயினர்.

1961 மார்ச்சு 29ஆம் நாள் நீதிபதிகள் றம்ப், கென்னடி, பெக்கர் ஆகிய மூவரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அரசை வன்முறையாற் கவிழ்ப்பதே காங்கிரசின் கொள்கை என்பது நாட்டப்படவில்லை. எதிரிகள் விடுதலை செய்யப்படுகின்றனர் என்றனர். றம்ப் என்பார் 1952இல் சட்டமறுப்பு இயக்கத் தலைவர்களைக் குற்றவாளிகளெனக் கண்ட அதே நீதிபதியாவார். ஆளும் இனத்தவராயினும், சான்று இல்லாதவிடத்து இல்லையென்று சொல்லும் துணிவு அவரிடம் இருந்தது. ஆனால் விடுதலை கேட்க மன்றில் நின்றோர் 28 பேரே. ஒருவர் முன்னரே தப்பியோடியிருந்தார். முதியவரான இலையஸ் மொரெட்செலே தீர்ப்புக்குச் சில நாட்களின் முன் இறந்துவிட்டார். நாலாண்டுக்கு மேற்பட்ட காலத்தை அவர்களுக்கு மீட்டுக்கொடுக்க எந்நீதிபதிக்கும் அதிகாரமில்லை.

தோல்வியினின்று அரசு தன் பிழையை உணரவில்லை. நீதிமன்றத்தை எங்ஙனம் சுற்றிச் செல்வது என்பதையே கற்றுக்கொண்டது. 1962ஆம் ஆண்டின் நாசவேலைச் சட்டம் சான்றுச் சுமையின் பெரும்பகுதியை எதிரியின் தலையிற் சுமத்தியது. 1963ஆம் ஆண்டின் சட்டமோ எவரையும் 90 நாள் விசாரணையின்றி அடைத்துவைக்கப் பொலிசாருக்கு இடமளித்தது. பிரிட்டோரியாவின் அதே பழைய மண்டபத்தில் 1962 நவம்பரில் மண்டேலா ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 1964இல் அஃது ஆயுட்சிறையாயிற்று. அவருக்காக இரு முறை வாதாடிய பிறாம் பிஷர், ஒறேஞ்சு சுதந்திர மாகாணத் தலைமை நீதிபதி ஒருவரின் மைந்தர். அவர் பொதுவுடைமைக் கட்சியைச் சார்ந்தவர் என்பதும், இறுதியிற் தலைமறைவாக இயங்கினார் என்பதும் உண்மையே. 1966இல் அவரும் எதிரிக்கூண்டில் நிறுத்தப்பட்டு, ஆயுட்சிறை விதிக்கப்பெற்றார்.