குளிரும் ஈரமும்: வீட்டுக் குளிரூட்டியும் தூசு உண்ணி ஒவ்வாமையும்

சென்னை வீடுகளில் 'எனக்கு ஏசி ஒத்துக்கொள்ளாது' என்பார் ஒருவர். 'ஏசி போட்டபிறகுதான் தும்மல் குறைந்தது' என்பார் மற்றொருவர். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் இருவரும் குளிரையே அளவுகோலாகக் கொள்கின்றனர். ஒவ்வாமையைப் பொறுத்தவரை அளக்கவேண்டியது ஈரத்தை. காற்றிலிருந்து எவ்வளவு நீரை, நாளில் எத்தனை மணி நேரம் அகற்றுகிறது என்பதைக் கொண்டே குளிரூட்டியை மதிப்பிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்த எந்திரம் பிறந்ததே ஈரத்தை அடக்கத்தான். 1902இல் புரூக்ளின் அச்சகம் ஒன்றில், காற்றின் ஈரம் ஏறி இறங்கியபோதெல்லாம் தாள் விரிந்து சுருங்கி வண்ணங்கள் இடம் பிசகின. அந்த ஈரத்தைச் சீராக்கவே வில்லிஸ் கேரியர் தம் அமைப்பை வடிவமைத்தார்.

உண்ணியின் தாகம்

வீட்டுத் தூசியின் ஒவ்வாமைக்கு டெர்மடோஃபகாய்டஸ் என்னும் நுண்ணிய உண்ணியே முதன்மைக் காரணம் என்பதை 1960களில் நெதர்லாந்தின் லெய்டன் நகர ஆய்வாளர்கள் நிறுவினர். மெத்தையிலும் தலையணையிலும் வாழும் இவ்வுயிரி, நம் தோலிலிருந்து உதிரும் செதிள்களைத் தின்கிறது. அது கடிப்பதில்லை, அதன் கழிவிலுள்ள புரதமே தும்மலையும் இளைப்பையும் தூண்டுகிறது. வெப்பமண்டலங்களில் புளோமியா டிராபிக்காலிஸ் என்ற உண்ணியும் சேர்ந்துகொள்கிறது.

உண்ணி நீர் குடிப்பதில்லை. காற்றின் ஈரத்தை உடலுக்குள் இழுத்துக்கொள்கிறது. சார்பு ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழேயே நீடித்தால் அது வற்றிச் சாகும். அமெரிக்காவின் ஒஹாயோவில் ஆர்லியன் என்னும் ஆய்வாளரின் குழுவினர் வீடுகளில் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வு, ஈரப்பதத்தை 51 விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருந்த வீடுகளில் உண்ணிகள் பெரிதும் குறைந்ததைக் காட்டியது. அவ்வீடுகளில் குளிரூட்டியோடு ஈரநீக்கியும் இயங்கியது என்பது கருதத்தக்கது.

ஒரு தம்ளர் நீர்

30 பாகை வெப்பத்தில் 70 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றில், ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 21 கிராம் நீர் உண்டு. 24 பாகையில் 50 விழுக்காடு வேண்டுமென்றால் 11 கிராமே இருக்கலாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையொன்றில், அந்த அறைக்காற்றிலிருந்து மட்டுமே ஏறத்தாழ 350 கிராம், ஒரு பெரிய தம்ளர் அளவு நீர் வெளியேற வேண்டும். நீரை எடுக்காமல் குளிர்வித்தால் ஈரப்பதம் 100 விழுக்காட்டை நெருங்கிவிடும்.

அறைக்கு ஒரு டன் போதுமென்ற இடத்தில் ஒன்றரை டன் எந்திரம் மாட்டினால், அறை விரைவில் குளிர்ந்து, நீரை அகற்றப் போதிய நேரம் ஓடாமலே கம்பிரசர் நின்றுவிடும். காற்றாடி தொடர்ந்து சுழன்றால், குளிர்ச்சுருளில் படிந்த நீர் மீண்டும் ஆவியாகி அறைக்கே திரும்பும். அறை சில்லென்றிருக்கும், உண்ணிக்கும் குறையிராது.

அணைத்தபின் வரும் பகல்

இதைவிடப் பெரிய சிக்கல் நம் பயன்பாட்டு முறையில் உள்ளது. பெரும்பாலான வீடுகளில் ஏசி இரவில் எட்டு மணி நேரம் ஓடுகிறது. எஞ்சிய பதினாறு மணி நேரம் கடற்காற்றின் ஈரம் மெத்தைக்குள் திரும்புகிறது. நாளின் சில மணி நேர ஈரமே உண்ணி உயிர் தரிக்கப் போதும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. அப்படியிருக்க, இரவு மட்டும் ஓடும் குளிரூட்டி உண்ணியை ஒழிக்கும் என எதிர்பார்க்க இயலாது.

ஏசி வந்தபின் படுக்கையறையும் மாறியது. சுருட்டி வெயிலில் உலர்த்திய கோரைப்பாய் போய், நகர்த்த முடியாத கனத்த மெத்தை வந்தது. வெயில் நுழைந்த சன்னலைத் திரைச்சீலை மூடிற்று. உண்ணியைக் கொல்லும் வெயிலை நாமே வெளியே நிறுத்திவிட்டோம்.

மறுப்புகள்

சன்னலை மூடுவதால் சீமைக் கருவேலத்தின் மகரந்தமும் தெருத்தூசியும் உள்ளே வருவது குறைகிறதே எனலாம். அது உண்மையான நன்மை. ஆனால் பெரும்பாலான ஸ்பிளிட் ஏசிகள் அறைக்காற்றையே சுழற்றுகின்றன. அவற்றின் வலை வடிகட்டி பெருந்தூசியைத்தான் பிடிக்கும். பூனை முடியோடு வரும் நுண்துகள்கள் அதைக் கடந்துவிடும். ஈரமான சுருளும் நீர்த்தட்டும் அழுக்கடைந்தால் பூஞ்சை வளர்ந்து, அதன் வித்துகளைக் காற்றே அறையெங்கும் பரப்பும்.

குளிர்காற்று பட்டதும் மூக்கொழுகுவது ஒவ்வாமையாகவே இருக்க வேண்டியதில்லை. மூக்கின் நரம்பு எதிர்வினையாகவும் இருக்கலாம். தோல் ஒவ்வாமைச் சோதனை இரண்டையும் பிரித்தறிய உதவும். அதைச் செய்யாமல் எந்திரத்தைப் பழிப்பதும் புகழ்வதும் நோயாளிக்கு உதவாது.

முடிவுரை

விலை குறைந்த ஈரப்பதமானி ஒன்றைப் படுக்கையறையில் மாட்டிவைத்து, இரவில் மட்டுமன்றிப் பகலிலும் பார்க்க வேண்டும். அறைக்கேற்ற அளவில் எந்திரம், மழைநாளில் 'டிரை' அமைப்பு, சுருளும் நீர்த்தட்டும் சேர்த்துக் கழுவும் சர்வீஸ், உண்ணி புகாத மெத்தை உறை, வாரந்தோறும் 60 பாகை வெந்நீரில் துவைத்த விரிப்பு ஆகியவை அதன்பின் வரவேண்டும். குழந்தை இரவில் இளைக்கும்போது பெற்றோரின் கை ரிமோட்டுக்குப் போகிறது. அதிலுள்ள எண் வெப்பத்தை மட்டுமே சொல்கிறது. மெத்தைக்குள் தங்கியிருக்கும் ஈரத்தை அது காட்டுவதில்லை.