கங்கைக்கரையில் சுனார்

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்கள் தலைமுறைக்கு லுவார் நதிக்கரை மாளிகைகளின் பெயரெல்லாம் மனப்பாடம். கங்கைக்கரையில் ஒரு மலைக்கோட்டை இருப்பதாக எந்த வாத்தியாரும் சொன்னதில்லை. சுனாரைப் பற்றி நான் படித்ததெல்லாம் பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகுதான்.

காசியிலிருந்து ஆற்றின் எதிர்த்திசையில் சுமார் 40 கிலோமீட்டர் போனால், மிர்சாப்பூர் மாவட்டத்தில், தென்கரையில் இருக்கிறது சுனார். விந்திய மலையின் ஒரு கிளை கங்கையைத் தொடும் இடம் அது. செஞ்சியைப் போல மூன்று மலைகள் கிடையாது, ஒரே பாறைதான். ஆனால் செஞ்சிக்கு இல்லாத பேராறு இதன் காலடியில் ஓடுகிறது. தில்லிக்கும் வங்காளத்துக்கும் இடையே ஆற்று வழியாகப் போகும் சேனை இதன் கண்ணில் படாமல் தப்ப முடியாது.

பாறை பாதம் போன்ற வடிவம் கொண்டது. வாமனர் அடி வைத்த இடம் என்று கதை. சரணாத்ரி என்ற பழைய பெயரும் அதனால்தான். திருக்கோவலூர்ப் பெருமாளைச் சேவித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கோட்டைக்குள் பர்த்ருஹரியின் சமாதி என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். பட்டினத்தாரின் சீடரான நம் பத்திரகிரியாரும் இவரும் ஒருவரே என்று நினைப்பவர்கள் உண்டு. திருவிடைமருதூரில் முக்தியடைந்தவருக்குச் சுனாரில் சமாதி எப்படி என்று கேட்டால், கதைகளுக்கு முகவரி ஒன்றோடு நிற்பதில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தக் கோட்டையைச் சண்டை போடாமல் வாங்கியவர்களே லாபம் பார்த்தார்கள் என்பது என் கட்சி. கோப்புகளோடு காலம் தள்ளியவனுக்கு அப்படித்தான் தோன்றும்.

லோடிகளின் காலத்தில் கோட்டைத் தலைவனாக இருந்தவன் தாஜ் கான். அவன் கொலையுண்ட பிறகு, விதவை லாட் மலிக்காவைத் திருமணம் செய்துகொண்டு கோட்டையையும் கருவூலத்தையும் கையில் எடுத்தார் ஷேர் கான். 1532ல் ஹுமாயூன் வந்து முற்றுகையிட்டார். ஷேர் கான் பணிவது போலப் பணிந்து, மகனை மொகலாயர் சேனைக்கு அனுப்பிவைத்து, கோட்டையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

சில ஆண்டுகளில் ஹுமாயூன் மறுபடி வந்தார். ரூமி கான் என்ற பீரங்கி நிபுணர் படகுகளின் மேல் பீரங்கி மேடை கட்டி ஆற்றுப் பக்கத்திலிருந்து தாக்கினார். மாதக்கணக்கில் போராடி 1538ல் கோட்டை விழுந்தது. அதற்குள் ஷேர் கான் கிழக்கே வங்கத்தின் தலைநகர் கௌடையும் ரோதாஸ் கோட்டையையும் பிடித்துவிட்டார். அடுத்த ஆண்டு சௌசாவில் ஹுமாயூன் தோற்றார். 1540ல் கன்னோசியிலும் தோற்று நாட்டைவிட்டே ஓடினார். சுனாரைப் பிடிக்கச் செலவழித்த மாதங்கள்தான் அவருக்கு வினையாயின என்பேன்.

பக்சர் போருக்குப் பின் 1765ல் கோட்டை கம்பெனியார் கைக்குப் போனது. 1781ல் காசி ராஜா சேத் சிங்கைக் கைது செய்யப் போய், ஊரே எதிர்த்து எழவும் வாரன் ஹேஸ்டிங்ஸ் ஓடி ஒளிந்தது இங்கேதான். ஒளிந்த இடத்திலேயே அயோத்தி நவாபோடு ஒப்பந்தமும் போட்டார்! அந்தக் காகிதம் அயோத்தி பேகம்களின் செல்வத்தைப் பறித்தது; பிறகு லண்டனில் ஹேஸ்டிங்ஸ் மீது நடந்த விசாரணையில் அவருக்கே எதிராகவும் நின்றது.

பிற்பாடு உடல் தளர்ந்த வெள்ளைச் சிப்பாய்களைக் குடியமர்த்தும் இடமாகச் சுனார் ஆயிற்று. பென்ஷன்காரர்களின் ஊர்! சிறையாகவும் பயன்பட்டது. பஞ்சாபின் ராணி ஜிந்தன் கௌரை 1849ல் இங்கே அடைத்தார்கள். சில நாட்களிலேயே வேலைக்காரி வேடத்தில் வெளியேறி நேபாளம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கோட்டையை விட எனக்கு நெருக்கமானது அந்தப் பக்கத்துக் கல். அசோகர் தூண்களுக்குச் சுனார் மணற்கல்லையே பயன்படுத்தினார்கள் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். சாரநாத் சிங்கத் தலைப்பும் அதே கல். 1950ல் அது அரசுச் சின்னமானது. உத்தியோகத்தில் இருந்தவரை என் மேசைக்கு வந்த காகிதங்களின் தலையில் அந்தச் சிங்கங்களைப் பார்த்திருக்கிறேன். அவை வந்த மலை எது என்று கேட்டதில்லை. காசிப் படித்துறைகளிலும் இந்தக் கல் நிறைய உண்டு. நம் ஊரிலிருந்து காசிக்குப் போய்த் தர்ப்பணம் கொடுத்துத் திரும்பியவர்கள், கோட்டையைப் பார்க்காவிட்டாலும், சுனார் கல்லை மிதித்துத்தான் வந்திருப்பார்கள்.