கணக்கில் வராத ஃப்ரெடி

லாரா இங்கால்ஸ் வைல்டர் எழுதின ‘லிட்டில் ஹவுஸ்’ புத்தகங்களை நம்மில் சிலர் படிச்சிருப்பீங்க. படிக்காதவங்களுக்கு ஒரு வரியில் கதை: 1870, 80களில் அமெரிக்காவின் நடுப்பகுதியில் கூண்டு வண்டி கட்டிக்கிட்டு, நிலம் தேடி ஊர் ஊரா அலைஞ்ச ஒரு குடும்பம். அப்பா சார்லஸ், அம்மா கரோலின், பொண்ணுங்க மேரி, லாரா, கேரி, கிரேஸ். முதல் புத்தகம் 1932ல் வந்தது. எல்லாம் லாராவோட சொந்தக் குடும்பக் கதைதான்.

பழைய சென்சஸ் தாள்களை நோண்டுறது எனக்கு ஒரு கிறுக்கு. கதையை மூடி வச்சுட்டு சென்சஸ், குடும்ப பைபிள், கல்லறைக் கல், இந்த மூணை மட்டும் வச்சு இவங்களைப் பின்தொடர்ந்தா என்ன கிடைக்கும்னு பார்க்க ஆசை. பார்த்தேன். கதையில் இல்லாத ஒரு பையன் கிடைச்சான். அவன்கிட்ட போறதுக்கு முன்னாடி, வழியில் கண்ணில் பட்டதையும் சொல்லிடறேன்.

அமெரிக்காவில் 10 வருஷத்துக்கு ஒரு தடவை சென்சஸ். வீட்டில் இருக்கிற, அடிமையா இல்லாத எல்லார் பேரையும் எழுத ஆரம்பிச்சது 1850ல்தான். எழுதுறவர் காதில் என்ன விழுந்ததோ அதுதான் ஸ்பெல்லிங். அதனால ‘இங்கால்ஸ்’னு மட்டும் தேடினா சில நேரம் ஆள் சிக்க மாட்டாங்க. அந்த மாதிரி ஒலிக்கிற எல்லாத்தையும் போட்டுத் தேடணும் :-)

முதல்ல பிள்ளைகள் பிறந்த இடத்தை வரிசையா வச்சுப் பாருங்க. மேரி 1865, லாரா 1867, ரெண்டு பேரும் விஸ்கான்சின். கேரி 1870, கான்சஸ். கிரேஸ் 1877, அயோவா. வண்டி போன தடம் அப்படியே தெரியுதில்ல?

கதைப்படி கேரி கைக்குழந்தையாவே வண்டியில் வந்தவள். பைபிளோ அவள் கான்சஸில் மாண்ட்கமரி கவுண்ட்டியில் 1870 ஆகஸ்ட் 3ல் பிறந்தாள்னு சொல்லுது. அப்போ லாராவுக்கே 3 வயசு. அவ்வளவு நுணுக்கமா எழுதின கான்சஸ் வீடு, பெரும்பாலும் அப்பா அம்மா சொல்லக் கேட்டதாத்தான் இருக்கணும். இண்டிபெண்டன்ஸ் ஊரிலிருந்து வீடு 40 மைல்னு புத்தகம் சொல்லுது. தெற்கே 40 மைல் போனா கான்சஸ் எல்லையையே தாண்டிடுவோம். உண்மையில் சுமார் 13 மைல்தான். பைபிள் குறிப்பும் 1870 சென்சஸும்தான் இடத்தைக் காட்டிக் கொடுத்தது: ரட்லண்ட் டவுன்ஷிப்.

அந்த சென்சஸ் தாளில் இன்னொரு சங்கதி. இந்த நிலம் ஓசேஜ் இந்தியர்களுடையது, குடியேறினவங்களுக்கு இதில் உரிமை இல்லைன்னு கணக்கெடுத்தவரே குறிப்பு எழுதி வச்சிருக்கார். நம்ம பாஷையில் சொன்னா, பட்டா இல்லாத குடிசை. ஆனா குடிசையில் இருந்தவங்க பேரெல்லாம் தாளில் இருக்கு. நிலத்துக்காரங்க ‘வரி கட்டாத இந்தியர்கள்’. அந்தக் கணக்கில் அவங்களுக்கு இடமே கிடையாது.

மலேரியா வந்தப்போ காப்பாத்தின கறுப்பின டாக்டர் ‘டான்’ கதையில் வருவார், ஞாபகம் இருக்கா? கற்பனை இல்லைங்க. ஜார்ஜ் டான். அதே டவுன்ஷிப் சென்சஸில் இருக்கார். கல்லறை இண்டிபெண்டன்ஸில் மவுண்ட் ஹோப் மயானத்தில்.

1880 சென்சஸில் குடும்பம் டகோட்டா பகுதியில் டி ஸ்மெட்டில். சரி, அடுத்து 1890ஐப் புரட்டலாம்னா அங்கே ஒரு பெரிய ஓட்டை. 1921 ஜனவரியில் வாஷிங்டனில் அந்தத் தாள்கள் இருந்த கட்டடத்தில் தீ. தீ தின்றது பாதி, அணைக்க அடிச்ச தண்ணீர் பாதி. மிச்சம் கிடந்ததையும் அப்புறம் அரசாங்கமே அழிச்சுது. 6 கோடிக்கு மேல இருந்த ஜனத்தில் இப்போ தேறுறது 6,000 சொச்சம் பேர்தான். லாராவுக்கு 1885ல் கல்யாணம், 1886ல் மகள் ரோஸ், 1894ல் மிசௌரிக்குக் குடிபெயர்ப்பு. இத்தனையும் அந்த 20 வருஷ இருட்டுக்குள்ள நடந்தது. 1889ல் ஒரு மகன் பிறந்து சில நாளில் போயிட்டான். டி ஸ்மெட் மயானத்தில் அவனுக்கு ஒரு சின்னக் கல் இருக்கு. கல்லில் அப்பா பேர்தான், குழந்தைக்குப் பேர் இல்லை.

இப்போ ஃப்ரெடி. கேரிக்கும் கிரேஸுக்கும் நடுவில் 7 வருஷ இடைவெளி. அந்தக் காலத்துக் குடும்பத்தில் இப்படி இடைவெளி இருந்தா அங்கேதான் தோண்டணும். சார்லஸ் ஃப்ரெடரிக் இங்கால்ஸ், 1875 நவம்பர் 1ல் மினசோட்டாவில் வால்நட் க்ரோவ் பக்கம் பிறந்தான். வெட்டுக்கிளி விளைச்சலைத் தின்னுட்ட காலம். குடும்பம் அயோவாவுக்குக் கிளம்பிச்சு. போற வழியில் சவுத் ட்ராய் பக்கம் உறவுக்காரர் பண்ணையில் தங்கினாங்க. 1876 ஆகஸ்ட் 27ல் அங்கேயே குழந்தை போயிடுச்சு. 10 மாசம் கூட முடியலை.

தேதிகளைப் பாருங்க. 1870 சென்சஸுக்கு அப்புறம் பிறந்து 1880க்கு முன்னாடி போயிட்டான். மினசோட்டா மாநிலம் தனியா எடுத்த கணக்கு 1875 மே மாசம். இவன் பிறந்தது நவம்பரில். எந்த வலையிலும் மாட்டலை. கல்லறை எங்கேன்னு யாருக்கும் தெரியாது. கதைகளிலும் அவனை விட்டுட்டாங்க. லாரா அவனைப் பற்றி எழுதினது சுயசரிதைக் கையெழுத்துப் பிரதியில்தான். அது அச்சாக வந்ததே 2014ல்.

ஆனா ஒரே ஒரு பத்தி இருக்கு. 1900 சென்சஸில் பெண்களிடம் ரெண்டு கேள்வி கேட்டாங்க: எத்தனை பெத்தே? எத்தனை உயிரோட இருக்கு? கரோலினுக்குச் சரியான பதில் 5, 4. லாராவுக்கு 2, 1. பேர் இல்லை, கல் இல்லை, தேதியும் இல்லை. ஃப்ரெடிக்கு சென்சஸ் தாளில் இருக்கக்கூடிய ஒரே இடம், அம்மா பேருக்கு நேரா இருக்கிற ரெண்டு எண்ணோட வித்தியாசம்தான்.

அப்பா, அம்மா, மேரி, கேரி, கிரேஸ் எல்லாரும் டி ஸ்மெட் மயானத்தில். லாரா மிசௌரியில் மான்ஸ்ஃபீல்டில். ஒருத்தன் மட்டும் வழியிலேயே தங்கிட்டான்.

பழைய குடும்பங்களைத் தேடுறவங்க தாளில் இருக்கிற பேர்களோட நிறுத்திடாதீங்க மக்களே. கூட்டிக் கழிச்சும் பாருங்க.