கெண்டைக்காலும் வன்னி மண்ணும்: இயன்மருத்துவ வரலாற்றில் ஒரு நோக்கு

வன்னிப் பெருநிலத்தின் வரலாறு இதுகாறும் வன்னியர்களின் ஆட்சி, குளங்களின் ஆக்கமும் அழிவும், அந்நியர் படையெடுப்பு ஆகியவற்றின் வரலாறாகவே பெரிதும் எழுதப்பட்டு வந்துள்ளது. அந்நிலத்தில் காடு வெட்டி, குளக்கட்டு உயர்த்தி, சேற்றில் நின்று உழைத்த மக்களின் உடல் பற்றிய வரலாறு போதிய கவனத்தைப் பெறவில்லை. உழைப்பவனுக்கு உடலே முதல். அவ்வுடலைத் தாங்கி நிற்பது கால். கெண்டைக்காலின் தசை சிறிதளவு கிழிந்தாலும் வயலில் இறங்க இயலாது; நெல்மூட்டை சுமக்க இயலாது; துவிச்சக்கரவண்டி மிதிக்க இயலாது. ஆகவே அக்கால் நோவுற்றதும் தேறியதும் எவ்வாறு என்பதை ஆராய்வது, அம்மக்களின் வாழ்க்கை வரலாற்றின் ஒரு பகுதியை ஆராய்வதேயாகும்.

கெண்டைக்காலில் முதன்மையான தசைகள் இரண்டு. ஒன்று முழங்காலுக்கு மேலே தொடை எலும்பின் அடிப்பகுதியில் இரு தலைகளாகத் தோன்றிக் கீழிறங்குவது. மற்றையது அதன் அடியில் தட்டையாக அமைந்தது. இரண்டும் ஒன்றுகூடிக் குதிநாணாகிக் குதிக்கால் எலும்பில் முடிகின்றன. கால் வழுக்கும் வேளையில் அல்லது திடீரெனத் தாவும் வேளையில் மேற்றசையின் உட்புறத் தலை, நாணோடு சேரும் இடத்திற் பெரும்பாலும் கிழிகிறது. பின்னாலிருந்து யாரோ கல்லால் எறிந்தது போன்ற வலி அவ்வேளையில் உண்டாகும். நடுவயதினரிடையே இது மிகுதியாகக் காணப்படுகிறது. 1883ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவ இதழான லான்செற்றில் இந்நோவு ‘புற்றரை ரெனிஸ் கால்’ என்னும் பெயரில் விவரிக்கப்பட்டது. ஓய்வுப் பொழுதில் விளையாடியோரின் கால் இவ்வாறு மருத்துவ ஏட்டில் இடம்பெற்றது. வயல் வரம்பில் வழுக்கிய உழவனுக்கு நேர்ந்ததும் இதே கிழிவுதான். ஆனால் அது ‘சுளுக்கு’ என்றும் ‘நரம்பு இழுத்துவிட்டது’ என்றும் ஊர்வழக்கிற் கூறப்பட்டதோடு அமைந்துவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் வன்னியில் நடையை முடக்கிய பெருநோய் பறங்கியாகும். தோலிற் புண்ணாகத் தொடங்கி, எலும்பையும் உள்ளங்காலையும் பற்றி, அடியெடுத்து வைப்பதையே துன்பமாக்கிய நோய் அது. 1881ஆம் ஆண்டில் கின்சி என்னும் அரசாங்க மருத்துவ அதிகாரி அதுபற்றித் தனியே ஓர் அறிக்கை வெளியிட்டார். 1895இல் வெளிவந்த ஜே. பி. லூயிசின் வன்னி மாவட்டங்கள் பற்றிய கையேடு, நோயாலும் மக்கட்டொகைக் குறைவாலும் நலிந்த நிலமாகவே அப்பகுதியைக் காட்டுகிறது. பிற்கால ஊசி மருந்துகளால் பறங்கி படிப்படியாக அருகியது. எனினும் அரசாங்கத்தின் கவனம் தொற்றுநோய்களின் மீதே தங்கியது. 1902இல் தொடங்கப்பெற்ற இரணைமடுக் குளவேலையும் அதனைத் தொடர்ந்த கிளிநொச்சிக் குடியேற்றங்களும் மனித உழைப்பைப் பெரிதும் வேண்டி நின்றன. அவ்வுழைப்பில் நேரும் தசைக்கிழிவு நோயென்றே எண்ணப்படவில்லை.

அந்நிலையில் மக்களுக்குத் துணைநின்றோர் பரியாரிமார். யாழ்ப்பாண அரசர் காலத்து மரபிலே தோன்றிய செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய நூல்கள் ஈழத்துச் சித்தமருத்துவத்தின் தொன்மைக்குச் சான்று பகர்வன. முறிவு நெரிவு வைத்தியம் பரம்பரையாகச் சில குடும்பங்களிற் பேணப்பட்டு வந்தது. எண்ணெய் பூசுதல், இலைகளை வதக்கி ஒத்தடம் கொடுத்தல், பத்துப் போடுதல், துணியாற் கட்டுதல் என்பன அதன் முறைகள். இவற்றுள் கட்டும் ஒத்தடமும் வலி தணிய உதவக்கூடியன. ஆயினும் புதிதாகக் கிழிந்த தசையை அழுத்தி உருவுதல் குருதிக் கசிவை மிகுவித்துத் தீங்கு செய்யும் என்பதை இன்றைய மருத்துவம் அறிவுறுத்துகிறது. எனவே மரபை முற்றாக ஒதுக்குதலும் முற்றாக ஏற்றலும் பொருந்தா, பகுத்தறிதலே வேண்டற்பாலது.

உடலின் உள்ளமைப்பைத் தமிழிலே கற்பிக்கும் முயற்சியும் இந்நாட்டிற் காலத்தால் முந்தியது. 1847இல் யாழ்ப்பாணம் வந்து 1873வரை பணியாற்றிய அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே தமிழ்மொழி மூலம் மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்று நூல்களையும் இரணவைத்திய நூலையும் தமிழில் ஆக்குவித்தார். தசைக்கும் நாணுக்கும் தமிழிற் பெயர் கூறிக் கற்பிக்கலாம் என்பது அன்றே மெய்ப்பிக்கப்பட்ட உண்மை.

அசைவையே மருந்தாகக் கொள்ளும் இயன்மருத்துவம் ஐரோப்பாவிற் படிப்படியாக உருப்பெற்றது. சுவீடன் நாட்டவரான லிங் 1813இல் ஸ்ரொக்ஹோமில் உடற்பயிற்சிக் கழகமொன்றை நிறுவினார். 1894இல் இலண்டனில் தாதியர் நால்வர் உருவாக்கிய சங்கம் 1920இல் அரச பட்டயம் பெற்றது. முதலாம் உலகப்போரில் அவயவம் இழந்தோரும் தசை நலிந்தோரும் பெருந்தொகையினராய் நாடு திரும்பியபோது இத்துறையின் இன்றியமையாமையை உலகம் உணர்ந்தது. சமாதான காலத்திற் கவனிப்பாரற்றிருந்த அறிவொன்று போரின் வாயிலாக மதிப்புப் பெற்றமை வரலாற்றின் முரண்களில் ஒன்றாகும். அம்முரண் பின்னர் வன்னியிலும் நிகழ்ந்தது.

கண்ணிவெடியும் எறிகணையும் வன்னியில் எண்ணற்ற கால்களைப் பறித்தன. 1968இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில் சிற்பி இராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் உருவாக்கிய செயற்கைக்கால், 1980களில் இலங்கைக்கும் வந்தது. வெறுங்காலோடு நடக்கவும், குந்தியிருக்கவும், சேற்றில் இறங்கவும் ஏற்றதாய் அமைந்தமையால் உழவர் வாழ்வுக்கு அது பெரிதும் பொருந்தியது. யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இப்பணி நடைபெற்று வந்தது. ஆனால் பாதைகள் மூடப்பட்ட காலங்களில் வன்னி மக்களுக்கு அங்குச் செல்லுதல் அரிதாயிற்று. 2002 ஏப்பிரலில் ஏ-9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடியது. 2009இல் போர் முடிந்தவேளை இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வவுனியா முகாம்களிலே தங்கவைக்கப்பட்டனர். அவர்களுள் காயமுற்றோர் பலர்.

இவ்விடத்துக் கெண்டைக்காலின் பங்கு நுணுகி நோக்கத்தக்கது. முழங்காலுக்குக் கீழே காலை அகற்றும் சத்திரசிகிச்சையில், பின்புறத்துக் கெண்டைத்தசையை மடித்து முன்கொணர்ந்து எலும்பின் முனையை மூடும் முறை பரவலாகக் கையாளப்படுகிறது. கால் போன பின்னும் அத்தசையே எஞ்சிய உறுப்புக்கு மெத்தையாகிறது. மறுபுறத்தில், எஞ்சிய ஒற்றைக் காலின் கெண்டைத்தசை கூடுதற் சுமையை ஏற்கிறது. இரு கால் உள்ளவனுக்குச் சில வாரத் தடையாக அமையும் தசைக்கிழிவு, ஒரு கால் இழந்தவனை முற்றாகப் படுக்கையிற் கிடத்திவிடும். ஆகவே போர் ஓய்ந்த வன்னியில் இதனைச் சிறுநோவு என்று தள்ளுதல் பொருந்தாது.

இதனைக் குணப்படுத்தும் முறைபற்றிய கருத்தும் மாறி வந்துள்ளது. முழு ஓய்வே மருந்து எனக் கருதப்பட்ட காலம் நெடியது. 1970களில் பின்லாந்தின் ஜார்வினென் எலிகளின் கெண்டைத்தசையில் நடத்திய ஆய்வுகள், குறுகிய ஓய்வின் பின் தொடங்கும் அசைவு தசை நார்களை ஒழுங்காக வளரச்செய்து வலுவை விரைந்து மீட்கிறது எனக் காட்டின. 1978இல் அமெரிக்க மருத்துவர் மேர்க்கின் ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தக்கட்டு, கால் உயர்த்தல் என்னும் நான்கையும் ஒரு சூத்திரமாக்கினார். பிற்காலத்தில் அவரே முதலிரண்டின் பயன்பற்றித் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். தவற்றை ஒப்புக்கொள்ளும் இவ்வியல்பே அறிவியலின் வளர்ச்சிக்கு அடிப்படை எனலாம்.

இன்றைய முறையில் முதற் சில நாட்கள் காலைக் காத்து, கட்டி, உயர்த்தி வைப்பர். பின்னர் வலி தாங்கும் எல்லைக்குள் கணுக்காலை மெல்ல அசைப்பர். அடுத்து இரு குதிகளையும் உயர்த்தி இறக்கும் பயிற்சியும், அது எளிதானதும் ஒற்றைக்காலில் அதே பயிற்சியும் இடம்பெறும். நடையும் சுமையும் இறுதியிலேதான் கூட்டப்படும். சிறு கிழிவு ஒன்று முதல் மூன்று வாரங்களிலும், இடைத்தரமானது ஒன்று முதல் இரண்டு மாதங்களிலும் பெரும்பாலும் தேறும். முழுக்கிழிவுக்கு மேலும் சில மாதங்கள் வேண்டும். வலி தணிந்தவுடன் வேலைக்கு இறங்குவோர்க்கே மறுகிழிவு எளிதில் நேர்கிறது. கெண்டைக்கால் காரணமின்றி வீங்கிச் சூடேறினால் நாளத்திற் குருதி உறைந்திருத்தலும் கூடும். அவ்வேளை தாமதியாது வைத்தியசாலையை நாடவேண்டும்.

இம்மருத்துவத்துக்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டா. வீட்டு வாசற்படியே போதும். வேண்டுவன காலமும் வழிகாட்டலுமே. வன்னியில் அரியவை அவ்விரண்டுமே. துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ வாழும் கூலியாள் ஒருவர் மாவட்ட வைத்தியசாலைக்குச் செல்லும் ஒவ்வொரு பயணமும் ஒரு நாட்கூலியின் இழப்பாகும். ஓய்வெடுக்கும் வாரங்களில் அடுப்பெரிவதற்கு வழி வேறில்லை. ஆதலின் பாதி தேறிய காலோடு அவர் மீண்டும் சேற்றில் இறங்குகிறார். அது அறியாமையன்று, வறுமையின் கட்டாயம்.

முடிவாக நோக்குமிடத்து, பறங்கி பரவிய காலத்திலும் போர் நிகழ்ந்த காலத்திலும் வன்னியின் கால்கள் பேரிடர் வாயிலாகவே பிறர் கண்ணிற் பட்டன. கால் இழந்தபின் செயற்கைக்கால் கொடுத்த மனிதநேயம் போற்றற்குரியது. இருக்கும் கால் நலிவுறாமற் காத்தல் அதனினும் எளிது, செலவும் குறைவு. கிராமத்து மருத்துவ நிலையந்தோறும் இயன்மருத்துவர் ஒருவர் குறித்த நாட்களில் வந்து செல்லவும், தமிழில் எழுதிய பயிற்சி விளக்கம் நோயாளர் கையிற் சேரவும் வழிசெய்தல் வேண்டும். மானிப்பாயிலே ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் இயன்ற தமிழ்ப்பணி இன்று இயலாததன்று. உழவனின் கெண்டைக்காலும் மருத்துவ ஏட்டில் இடம்பெறும் நாளே வன்னி முழுமையாக எழுந்து நடக்கும் நாளாகும்.